நீலமலை மண்ணிற் புதைந்த காசுகள்

சென்ற சித்திரைத் திங்களில், பள்ளி விடுமுறை நாளொன்றின் முற்பகலில், என்பால் முன்னர்ப் பயின்ற மாணவர் ஒருவர் என் இல்லம் போந்தார். இப்பொழுது அவர் கோயம்புத்தூரில் ஓர் இயந்திரசாலையில் வேலை பார்க்கின்றார். கோத்தகிரிக்குக் கீழே சரிவொன்றில் அவர்தம் குடும்பத்திற்கு ஒன்றரை ஏக்கர்த் தேயிலை உண்டு. வந்தவர் தம் சட்டைப் பையினின்றும் ஒரு தீப்பெட்டியை எடுத்து என் மேசைமேல் வைத்துத் திறந்தார். பஞ்சின்மேல் மூன்று காசுகள் கிடந்தன.

ஒன்று விக்டோரியா மகாராணியாரின் உருவம் பொறித்த செப்புக் காலணா. மற்றொன்றும் செம்பே, ஆயின் எழுத்தும் உருவும் ஒழிந்து வெறுந்தகடாய் இருந்தது. மூன்றாவது, குன்றிமணியினும் சற்றே பரந்ததொரு பொற்காசு. ஒருபுறத்தே வளைகோடுகளும் மறுபுறத்தே வரிசையாகச் சில புள்ளிகளும் அதன்கண் இருந்தன. கண்ட அளவிலே அது வீரராயன் பணம் என்று அறிந்தேன். மலையாள நாட்டிலே தோன்றி, குடகு, மைசூர், நீலகிரி ஆகிய பகுதிகளிலும் நெடுங்காலம் கைமாறி வந்த சிறு காசு அது. ஒரு கிராம் நிறையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே அதன் எடை. சுண்டுவிரல் நகத்தின்மேல் வைத்தால் அதற்குள்ளே அடங்கிவிடும்.

"இவை எங்கே கிடைத்தன, தம்பி?" என்றேன்.

"எங்கள் தோட்டத்திலேதான் ஐயா. மண்ணுக்குள் இருக்கும் உலோகத்தைக் காட்டும் கருவி ஒன்றைத் தபாலில் தருவித்தேன். ஊருக்கு வரும் ஞாயிறுதோறும் அதை எடுத்துக்கொண்டு நடக்கிறேன். நல்ல பொழுதுபோக்கு," என்றார். அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. எனினும் ஆசிரியன் வாய் சும்மா இராதன்றோ? எவ்வளவு ஆழத்தில் இருந்தன, மூன்றும் ஒரே குழியிலா, வேறு வேறு இடத்திலா, அருகே பானையோடோ கரியோ எலும்போ கிடந்தனவா என்று அடுக்கடுக்காக வினவினேன். எதற்கும் விடையில்லை. இரண்டு ஞாயிறுகளில் கிடைத்தவை என்பது மட்டும் அவருக்கு நினைவிருந்தது. இரண்டாங் காசு வெறுந்தகடானதற்குக் காரணம் கேட்டேன். "களிம்பாக இருந்தது ஐயா, புளியும் சாம்பலும் இட்டு நன்றாகத் தேய்த்துவிட்டேன்," என்றார். பன்னூறாண்டு மண் அழிக்காது வைத்திருந்த எழுத்தை ஒரு பிடி புளி அரை நாழிகையில் அழித்துவிட்டது.

அவர் வந்த காரியம் வேறு. எங்கள் ஊருக்கு மேலேயுள்ள மலைமுடியிற் பழைய கல்வட்டங்கள் சில உண்டு. அங்கே கருவியைக் கொண்டுசென்றால் பெரும்புதையல் அகப்படுமா என்று கேட்கவே என்னை நாடி வந்திருந்தார். அன்று அவருக்கு யான் கூறியவற்றையும், பின்னர் நூல்களிற் படித்துத் தெளிந்தவற்றையும் நம் சங்கத்து அன்பர்கள் முன் வைக்கின்றேன். இக்கருவிகள் இப்பொழுது விலை குறைந்து பலர் கைக்கும் எட்டுவனவாகிவிட்டமையின், நம்முள் வேறு சிலர் இல்லத்திலும் இத்தகைய தீப்பெட்டிகள் இருத்தல் கூடும்.

முதற்கண் கருவியைப் பற்றிச் சிறிது கூறுவேன். கி. பி. 1881-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுத் தலைவர் கார்பீல்டு என்பார் சுடப்பட்டுக் கிடந்தபோது, அவருடலில் தங்கிய குண்டு எங்குள்ளதென அறியும்பொருட்டுத் தொலைபேசியை இயற்றிய கிரகாம் பெல் என்பார் ஒரு கருவி சமைத்தார். அது குண்டைக் காட்டவில்லை. நோயாளர் படுத்த மெத்தையினுள் இருந்த இரும்புச் சுருள்களே அதனை மயக்கின என்பர். இரண்டாம் உலகப் போரிற் போலந்து நாட்டுப் படைத்தலைவர் கோசாட்ஸ்கி என்பார் அமைத்த கருவி, 1942-இல் எல் அலமேன் போர்க்களத்தே மண்ணிற் புதைத்த கண்ணிவெடிகளைக் கண்டறியப் பயன்பட்டது. போர் ஓய்ந்தபின் அதே வகைக் கருவி பொழுதுபோக்காளர் கைக்கு வந்து, வெடிக்குப் பதிலாகக் காசைத் தேடலாயிற்று.

அது வேலை செய்யும் முறை எளியது. கோலின் நுனியிலுள்ள வளையத்திற் செப்புக் கம்பிச் சுருள் உண்டு. அதன் வழியே திசை மாறிமாறி ஓடும் மின்சாரம் மண்ணுள் ஒரு காந்தப் புலத்தைப் பரப்பும். அப்புலத்தில் உலோகம் அகப்படின் அதனுள்ளும் சிறு மின்னோட்டம் எழும். அதனை வளையம் திரும்ப உணர்ந்து ஒலியெழுப்பும். சிறு காசாயின் ஒரு சாண் ஆழத்திற்கு மேல் உணர்தல் அரிது. நம் மலையின் செம்மண்ணோ இரும்புச் சத்து மிக்கது. ஆதலின் காசே இல்லாத இடத்தும் கருவி கூவும். தேயிலைத் தோட்டத்தில் அஃது உண்மையாகவே காட்டுவன பெரும்பாலும் வேலிக்கம்பித் துண்டு, கவாத்துக் கத்தியின் முறிந்த நுனி, புட்டி மூடி, மருந்துத் தகடு ஆகியனவே. என் மாணவர் அந்த மூன்று காசுக்கு முன்னர் ஒரு சாக்குப்பை நிறையத் துருப்பிடித்த ஆணி தோண்டியதாகச் சொன்னார். அதை அவர் வேடிக்கையாகச் சொன்னாலும், ஒவ்வோர் ஆணிக்கும் ஒரு குழி உண்டு என்பதை நினைத்து யான் அஞ்சினேன்.

கொங்கு நாட்டு மண்ணிற் காசு கிடைப்பது புதுமையன்று. 1800-ஆம் ஆண்டின் இறுதியில் பிரான்சிஸ் புக்கானன் என்னும் ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவர் இப்பகுதியைச் சுற்றிப் பார்த்தபோது, பொள்ளாச்சியில் ஒரு பானை நிறைய ரோமானிய வெள்ளிக் காசுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டமையை அறிந்து தம் நூலிற் குறித்தார். அவை அகஸ்டஸ், டைபீரியஸ் என்னும் பேரரசர் காலத்தன. நொய்யற்கரை வெள்ளலூரில் 1842-இல் ஒரு மண்கலத்தினின்று ஐந்நூற்றுக்கு மேற்பட்ட வெள்ளிக் காசுகள் வெளிப்பட்டன. அவ்வூரிலேயே பின்னரும் பன்முறை கிடைத்தன. முசிறித் துறையில் யவனர் பொன்னளித்து மிளகு பெற்றதை அகநானூறு அறிவிக்கின்றது. இந்தியா, சீனம், அராபியா ஆகிய நாடுகளுக்கு ஆண்டுதோறும் நூறு கோடிக்குப் பத்திலொரு பங்கு, அஃதாவது பத்துக் கோடி செஸ்டெர்ஸ் காசு உரோமநாட்டினின்று வெளியேறுகின்றதென்று பிளினி என்னும் ரோமப் புலவர் முதல் நூற்றாண்டிலேயே வருந்தி எழுதினார். காங்கயத்தை யடுத்த படியூரில் விளைந்த நீலப்பச்சைக் கற்களும், கொடுமணலிற் செய்த மணிகளும் எஃகும், பாலைக்காட்டுக் கணவாய் வழியே மேலைக் கடற்கரைக்குச் சென்ற வணிகமும் சேர்ந்தே அக்காசுகளை நம் அடிவாரத்திற்குக் கொணர்ந்தன என ஆராய்ச்சியாளர் கருதுவர். கொடுமணலில் 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் நடத்திய அகழாய்வு இதற்குப் பெருஞ்சான்று.

ஈண்டு இரண்டு புதையல்களின் வரலாற்றை அன்பர்கள் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுகின்றேன்.

1847-ஆம் ஆண்டில் வடமலையாளத்தே, கண்ணூருக்குக் கிழக்கேயுள்ள கோட்டயத்தருகே மிகப்பெரும் ரோமானியப் பொற்புதையல் ஒன்று வெளிப்பட்டது. ஐந்து கூலியாட்கள் சுமக்கும் அளவு பொற்காசு இருந்ததென்று அக்காலத்தார் சொல்லிக்கொண்டனர். ஆயினும் அரசினர் செவிக்குச் செய்தி எட்டுமுன்னரே அவற்றுள் மிகப் பல சிதறிவிட்டன; சில செல்வர் வீடு புகுந்தன, பல பொற்கொல்லர் உலை புகுந்தன. முழுத்தொகை யாது, எவ்வரசர் காசு எத்துணை, எல்லாம் ஒரே கலத்தில் இருந்தனவா என்பனவெல்லாம் அறிதற்கு வழியின்றிப் போயின. எஞ்சிய சிலவற்றை வைத்துக்கொண்டு அறிஞர் ஊகித்து வருகின்றனர்.

மற்றொன்று புதுக்கோட்டைச் சீமையிற் கறுக்காக்குறிச்சியில் 1898-இல் கிடைத்தது. ஐந்நூற்றொரு பொற்காசுகள். இவை சிதறாமல் அறிஞர் கையிற் சேர்ந்தன. அடுத்த ஆண்டே பிரிட்டிஷ் மியூசியத்தைச் சார்ந்த ஹில் என்பார் அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்ந்து வெளியிட்டார். அப்பொழுதுதான் ஒரு வியப்பு புலனாயிற்று. அவற்றுட் பெரும்பாலானவற்றில் அரசன் தலையின்மேல் உளியால் வெட்டிய தழும்பு ஒன்று காணப்பட்டது. தனியே ஒரு காசைக் கண்டிருப்பின், யாரோ சிறுவன் விளையாட்டிற் செய்தது என்று தள்ளிவிடுவோம். நூற்றுக்கணக்கான காசுகளில் ஒரே வகை வெட்டு இருந்தமையின், அஃது ஒருவரோ ஓர் அதிகாரமோ வேண்டுமென்றே செய்தது என்பது தெளிவாயிற்று. காசாக வழங்காமற் பொன்னாக மட்டும் நிறுத்து வாங்கற்பொருட்டு அவ்வாறு செய்தனர் என்பது பலர் கருத்து. அது சரியோ அன்றோ, அவ்வினாவைக் கேட்கவே புதையல் முழுதும் ஒருங்கிருத்தல் இன்றியமையாததாயிற்று. கோட்டயத்துப் புதையல் இதனினும் பெரிதென்ப. ஆயின் நமக்கு அறிவு தந்தது சிறியதே.

இதனை யான் சொன்னபோது என் மாணவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, "அப்படியானால் காசைவிடக் குழிதான் பெரிதா ஐயா?" என்றார். நல்ல வினா. யான் பயிற்றிய மாணவரென்று அப்பொழுது சிறிது பெருமை கொண்டேன்.

இனி நம் மலைமேலுள்ள கல்வட்டங்களைப் பற்றிப் பேசலாம். நீலகிரியின் உயர்ந்த முடிகள் பலவற்றில், வட்டமாகக் கல்லடுக்கிய சுவர்களும் கற்குவைகளும் உள்ளன. சில கிணற்றுச் சுவர்போல் நிலத்தின் மேல் எழுந்து நிற்கும். அவை முன்னோர் இறந்தாரை நினைந்து எடுத்த ஈமச்சின்னங்கள். ஆங்கிலேயர் இம்மலையேறிய சில காலத்துள்ளேயே அவற்றைத் தோண்டத் தொடங்கினர். 1819-இல் சலிவன் துரை மேலேறினார். 1847-இல் காங்கிரீவ் என்னும் படைத்தலைவர் தாம் கண்ட கற்குவைகளைப் பற்றிச் சென்னைப் பத்திரிகையொன்றில் நீண்ட கட்டுரை வெளியிட்டுவிட்டார். அவற்றை எடுத்தோர் தோதவரே என்றும், தோதவர் சிதியர் மரபினர் என்றும் அவர் சாதித்தார். கையில் அகப்பட்ட பொருளினும் மனத்தில் முன்னரே இருந்த கொள்கை அவருக்குப் பெரிதாயிருந்தது போலும்!

அவருக்குப் பின் வந்தவர் பிரீக்ஸ் துரை. நீலகிரியின் முதற் கமிஷனராக விளங்கிய இவர், கல்கத்தா மியூசியத்தார்க்காகப் பழங்குடிகளின் பொருள்களைச் சேகரிக்குமாறு அரசினர் பணித்தபோது, பல கற்குவைகளைத் திறந்து பார்த்தார். 1872-இல் அவர் மறைந்துவிட, அவர் எழுதிய நூல் அடுத்த ஆண்டிற் படங்களோடு வெளிவந்தது. அகப்பட்டவை என்னென்ன? பெரும்பாலும் மண்தாழிகள், அவற்றின் மூடிமேல் எருமை, யானை, குதிரை, மயில், ஆடவர் பெண்டிர் உருவங்கள். எருமைகளின் கழுத்திலே மணிகூடக் கட்டியிருக்கும். இரும்பு வேல்முனை, கத்தி, கத்தரி, வெண்கலக் கிண்ணம், சிற்சில இடத்துப் பொன்னாலாகிய மணியும் வளையமும். அவற்றுட் பல இன்று சென்னை எழும்பூர் மியூசியத்திலும் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்திலும் இருக்கின்றன. அவ்வெண்கலக் கிண்ணங்களின் வேலைப்பாடு கண்டார் எவரும் வியப்பர்.

ஆனால் அவை எந்நூற்றாண்டைச் சேர்ந்தன என்று கேட்டால் அறிஞர் ஒருமுகமாய் விடை கூறுகிலர். கி. பி. முதல் நூற்றாண்டுகள் என்பாரும், அதற்குப் பல நூற்றாண்டு பிற்பட்டன என்பாரும், ஒரே குவையிற் பல காலத்துப் பொருள் கலந்துள்ளன என்பாரும் உளர். தோதவரோ கோத்தரோ படகரோ குறும்பரோ, யாருடைய முன்னோர் எடுத்தனர் என்பதும் இன்றுகாறும் முடியாத வழக்கு. காரணம் யாதெனின், தோண்டியவர்கள் பொருளை எடுத்தனரேயன்றி, எப்பொருள் எந்த அடுக்கில் எதன் பக்கத்தே கிடந்தது என்பதைப் பிற்காலத்து ஆய்வாளர் வேண்டும் அளவு குறித்து வைக்கவில்லை. பிரீக்ஸ் துரையேனும் எந்தக் குவையில் என்ன கிடைத்ததென்று எழுதிவைத்தார். அவர்க்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். விடுமுறைப் பொழுதுபோக்காகத் தோண்டிய ஏனையோர் அதுவுஞ் செய்திலர். கரியை ஆராய்ந்து காலங் கணிக்கும் முறை அந்நாளில் இல்லை என்று அவர்களை ஒருவாறு மன்னிக்கலாம். அம்முறை தெரிந்த இக்காலத்தே அதே பிழையை நாம் செய்யின் யார் மன்னிப்பர்? இன்னும் திறவாத கல்வட்டங்கள் சில எஞ்சியுள்ளன. ஒரு சாண் ஆழத்தில் ஓர் இரும்புத் துண்டுக்காகக் கருவி கூவ, மண்வெட்டி இறங்குமாயின், ஒன்றன்மேல் ஒன்றாக அமைதியாய் அடுங்கிக் கிடக்கும் அடுக்குகள் ஒரு பொழுதிற் கலங்கிவிடும்.

பொன்னாசை இம்மலையை முன்னொருமுறை பித்துப் பிடிக்கச் செய்ததும் உண்டு. 1879 முதல் இரண்டு மூன்று ஆண்டுகள், தேவாலா, பந்தலூர்ப் பக்கத்தே பொன் விளைகின்றதென்று கேள்விப்பட்டு லண்டனிற் பல கம்பெனிகள் தோன்றின. பங்குகள் வானளாவ விலையேறின. காடு வெட்டி, பாறை பிளந்து, இயந்திரங்களை மாட்டுவண்டியில் ஏற்றினர். கிடைத்த பொன் செலவிற்கும் போதவில்லை. கம்பெனிகள் மறைந்தன, சுரங்கக் குழிகள் மட்டும் நின்றன. இதனை ஈண்டு விரித்தல் வேண்டா. தோண்டுவார்க்கு ஒரு நினைப்பூட்டாகச் சொன்னேன்.

அந்தப் பொற்பணத்திற்குத் திரும்புவேன். என் மாணவர் அதனை வீட்டிற்குக் கொண்டுசென்ற அன்றே, பக்கத்துத் தோட்டத்துப் படக அம்மையார் ஒருவர் வந்து பார்த்தாராம். எண்பதைக் கடந்த மூதாட்டியார் அவர். காசைக் கையில் வாங்க மறுத்து, "இது வாயில் இடும் பணம். எங்கெடுத்தாயோ அங்கேயே போட்டுவிடு," என்று கூறிச் சென்றாராம். இளைஞர் அதனை மூடநம்பிக்கை என்று சிரித்துக்கொண்டே எனக்குச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனெனில், 1909-இல் வெளிவந்த தர்ஸ்டன் துரையின் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்னும் நூலில் இச்செய்தி தெளிவாக உள்ளது. படகர்களிடையே உயிர் பிரியுந் தறுவாயில் இருப்பார்க்கு, வீரராயன் பணம் ஒன்றை நெய்யில் தோய்த்து விழுங்கக் கொடுத்தல் வழக்கம். விழுங்கும் ஆற்றல் இல்லையாயின் அதனைத் துணியில் முடிந்து கையிற் கட்டுவர். மறுமைக்குச் செல்லும் வழிச்செலவாக அளித்த காசு அது.

அம்மையார் சொன்னது கேட்டபின், அந்தச் சரிவு முன்னர் என்னவாக இருந்ததென்று ஊர்ப் பெரியவர்களிடம் உசாவினேன். தேயிலை நடுமுன் அங்கே மேய்ச்சற்புல் இருந்ததென்றும், அதன் ஓரத்தே பழைய சுடுகாடு இருந்ததென்றும் இருவர் தனித்தனியே கூறினர். அஃது உண்மையாயின், ஒரு மகனோ மகளோ தம் தாய் தந்தையரின் வாயில் நடுங்குங் கையால் இட்ட காசை, ஞாயிற்றுக்கிழமை விளையாட்டாக நாம் எடுத்திருக்கின்றோம். அன்றி, சந்தைக்குச் சென்ற ஒருவர் மடியினின்று தவறி வீழ்ந்த காசாகவும் அஃது இருக்கலாம். எது மெய் என்று சொல்ல வல்லது அந்தக் குழி ஒன்றே. சாம்பலும் எலும்புத் துகளும் உடனிருந்தனவா என்பதை அதுவே காட்டியிருக்கும். குழியோ அன்றே மூடப்பட்டு, அதன்மேல் உரமும் இட்டாயிற்று.

சட்டம் கூறுவதையும் அறிந்துகொள்ளல் நன்று. 1878-ஆம் ஆண்டின் புதையற் சட்டப்படி, மண்ணுள் மறைந்து கிடந்த எப்பொருளும், பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடையதாயின், கண்டெடுத்தவர் மாவட்டக் கலெக்டருக்கு எழுத்து மூலமாக அறிவித்தல் வேண்டும். எப்பொருள், என்ன மதிப்பு, எங்கே, எந்நாளிற் கிடைத்தது என்பனவெல்லாம் அதில் இருத்தல் வேண்டும். பொருளை ஒப்படைக்கவேனும், கேட்டபோது கொணர்வதாகப் பிணை கொடுக்கவேனும் வேண்டும். உரியவர் எவரும் இலர் என முடிவாகின், கண்டெடுத்தவர்க்கு நாற்கூற்றில் மூன்றும் நிலத்துக்குரியவர்க்கு ஒன்றும் சேரும். அரசினர் தாமே வைத்துக்கொள்ள விரும்பின், பொன் வெள்ளியின் விலையோடு அதில் ஐந்திலொரு பங்கு மிகையாகக் கூட்டிக் கொடுப்பர். மறைத்தவர்க்கோ பங்கும் போய், ஓராண்டு வரை சிறையும் தண்டமும் உண்டு. காப்புப் பெற்ற பழஞ்சின்னங்கள் உள்ள இடங்களில் உரிமமின்றித் தோண்டுதலை 1958-ஆம் ஆண்டின் மத்திய சட்டமும் 1966-ஆம் ஆண்டின் நம் மாநிலச் சட்டமும் தடுக்கின்றன. நூறாண்டு கடந்த காசுகளை வெளிநாட்டிற்கு விற்றனுப்புதலை 1972-ஆம் ஆண்டின் சட்டம் விலக்குகின்றது. சட்டத்தில் எனக்கொரு குறை உண்டு. மிகையாகக் கொடுக்கும் ஐந்திலொரு பங்கு மிகவுஞ் சிறிது. பழங்காசு வணிகர் அதனிற் பன்மடங்கு தருவர் என்பதை அறிந்த ஏழை, கலெக்டர் வாயிலை நாடுவாரோ, இருளில் வரும் வணிகரை நாடுவாரோ? அரசினர் இதனை எண்ணுதல் வேண்டும்.

இங்கிலாந்து நாட்டில் இக்கருவியைக் கொண்டு தேடுவோர் பல்லாயிரவர். அங்கு 1992-ஆம் ஆண்டு நவம்பரில், சபோக் என்னும் கோட்டத்து ஹாக்ஸ்ன் என்ற சிற்றூரில் நடந்ததொன்று கேட்கத் தக்கது. உழவர் ஒருவர் தம் வயலிற் சுத்தியலொன்றைத் தொலைத்துவிட்டார். அதனைத் தேடித் தருமாறு, இக்கருவி வைத்திருந்த தம் நண்பரைக் கேட்டார். நண்பர் எரிக் லாஸ் என்பவர் தேடுகையில், சுத்தியலுக்கு முன்னரே பொன்னும் வெள்ளியும் வெளிப்பட்டன. சிறிது எடுத்தவுடன் அவர் கையை நிறுத்திக்கொண்டு அதிகாரிகளுக்குச் செய்தி விடுத்தார். மறுநாளே தொல்பொருளாய்வாளர் வந்து மண்ணை அடுக்கடுக்காக நீக்கினர். ஏறத்தாழப் பதினையாயிரம் ரோமானியக் காசுகளும், பல பொன்னணிகளும், வெள்ளிக் கரண்டிகளும் கிடைத்தன. அவற்றை வைத்திருந்த மரப்பேழை உளுத்துப் போயினும், எப்பொருள் எதனுள் எவ்வாறு வைக்கப்பட்டிருந்தது என்பதுகூடத் தெரிய வந்தது. கண்டவர்க்குப் பதினேழரை லட்சம் பவுன் பரிசளித்தனர். அவர் அதனை உழவரோடு பகிர்ந்துகொண்டார். காணாமற்போன சுத்தியலும் அகப்பட்டு, பிரிட்டிஷ் மியூசியத்தையே சேர்ந்துவிட்டது! நிறுத்தத் தெரிந்த கை அத்துணைச் செல்வம் தந்தது. அந்நாட்டிற் பரிசு சந்தை விலையை யொட்டி அளிக்கப்படுவதும் அந்தக் கை நிற்பதற்கு ஒரு காரணமென்பதை மறைத்தல் நேர்மையாகாது.

இத்துணையும் பிறர்க்குச் சொல்லும் யான் குற்றமற்றவனல்லன். என் பாட்டியாரின் சுருக்குப்பையில் ஒரு வெள்ளிக்காசு இருந்தது. மேற்புறம் துளையிட்டு, முன்னொருகால் யாரோ கழுத்திற் கோத்து அணிந்தது. ஒருபுறம் குறுமயிருடைய ஓர் ஆடவன் தலை, பக்கவாட்டில். சுற்றிலும் அயல் எழுத்து. அவர் பிறந்த ஊர் வெள்ளலூர்ப் பக்கம். "எங்கள் அப்பன் கிணறு வெட்டுகையில் வந்தது," என்று மட்டும் சொல்லியிருக்கின்றார். யான் பண்டிதர் தேர்வுக்குப் பணங் கட்ட வேண்டிய காலத்தில் அவர் அதனை என் கையில் வைத்தார். யான் அதனைக் கடைவீதியிலே ஒரு தட்டாரிடம் வெள்ளி விலைக்குப் போட்டேன். என் கண்ணெதிரேயே அவர் அதனைக் கத்தரித்து மாற்றுப் பார்த்தார். அப்பணம் தேர்வுக் கட்டணத்திற் பாதிக்கும் போதவில்லை. பல்லாண்டு கழித்து, எழும்பூர் மியூசியத்திற்கு மாணவர்களை அழைத்துச் சென்றபோது, டைபீரியஸ் காசு ஒன்றன் எதிரே நின்றுவிட்டேன். மாணவர்கள் அடுத்த அறைக்குச் சென்றுவிட்டதைக்கூட அறிந்திலேன். என் பாட்டியார் தந்தது அதுதானா என்று இனி எவராலும் சொல்லவியலாது. அக்கிணறு எவ்வூரது, உடன் எத்தனை காசு கிடைத்தன என்று அவரைக் கேட்டறியவும் அன்று எனக்குத் தோன்றவில்லை.

இதனையும் என் மாணவரிடம் சொன்னேன். அன்று மாலையே இருவரும் அவர் தோட்டத்திற்குச் சென்றோம். பொற்பணம் கிடைத்த இடத்தை அவர் நினைவிலிருந்து காட்டினார். எல்லைக்கல்லினின்றும் ஓடையினின்றும் நாடா பிடித்து அளந்தோம். தேயிலைச் சீட்டின் பின்புறத்தில் அவர் ஒரு வரைபடம் எழுதினார். மண்ணைத் தொடவில்லை. மலைமுடிக்குச் செல்லும் எண்ணத்தை அவர் விட்டார். பின்னர் என் மேசையில் அமர்ந்து கலெக்டருக்கு விண்ணப்பம் வரைந்தோம். மூன்று காசின் விவரமும், கிடைத்த நாளும், அளவும், வரைபடமும் சேர்த்தோம். புளியிட்டுத் தேய்த்ததையும் மறைக்காமல் எழுதுமாறு கூறினேன், முகஞ்சுளித்தாலும் எழுதினார்.

ஒன்றில் மட்டும் எங்களுக்குள் வேற்றுமை நின்றது. சட்டம் காசைக் கலெக்டரிடம் ஒப்படைக்கச் சொல்கின்றது. அம்மையார் மண்ணிலேயே போடச் சொல்கின்றார். "இருவர் சொல்லையும் எப்படி ஐயா கேட்பது?" என்றார் இளைஞர். எனக்கு உடனே விடை கூறத் தெரியவில்லை. மறுநாள் இருவருமாக அம்மையாரிடம் சென்று, காசை அரசினரிடம் கொடுக்கப் போகின்றோம் என்றும், அவர் கூறியதை அவர் இசைந்தால் விண்ணப்பத்தில் எழுதுவோம் என்றும் தெரிவித்தோம். அவர் நெடுநேரம் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்து, "எழுது. யாருடையது என்று அவர்களுக்கும் தெரியட்டும்," என்றார். விண்ணப்பத்தின் ஈற்றில், அவர் பெயரைக் குறியாமல், இது இறந்தவர்க்கு அளித்த பணமாக இருக்கலாம் என்று அவ்வூர் மூதாட்டியார் ஒருவர் கூறுகின்றார் என ஒரு வாக்கியம் சேர்த்துக் கையெழுத்திட்டு அனுப்பினோம். தீப்பெட்டி இப்பொழுது தாலுகா அலுவலகத்துப் பெட்டியில் முத்திரையிடப்பெற்று இருக்கின்றது.